புள்ளலூர் நினைவுக்கற்கள்

முன்னுரை

கொல்லிமலையிற் பதினான்கு நாடுகள் உண்டு. அவற்றுள் ஒன்றாகிய தேவனூர் நாடு யான் பிறந்த மண். நாடு என்றதும் அரசும் படையும் உடையதொரு பெருநிலத்தை நண்பர்கள் எண்ண வேண்டா. மலைமேலுள்ள சில சிற்றூர்களின் தொகுதியையே எம் வழக்கில் நாடு என்போம். இளமையில், குளிர் மிகுந்த இரவுகளில், அடுப்பங்கரையில் அமர்ந்து என் பாட்டனார் பல பழங்கதைகள் கூறுவார். அவற்றுள் ஒன்று, எம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று புறப்பட்டு மலையேறியவர் என்பது. அண்ணன் தம்பியர் மூவர் தம் குலதெய்வத்தோடு காஞ்சியை விட்டு வந்து வெவ்வேறு மலைகளிற் குடியமர்ந்தனர் என்பது அக்கதையின் சுருக்கம். சேர்வராயன் மலையிலும் பச்சைமலையிலும் வாழும் மலைமக்களும் இக்கதையை ஏறத்தாழ இவ்வாறே கூறுவர். இதனை வரலாறு என்று நிறுவுதற்குச் சான்று வேண்டும். ஆயினும், காஞ்சி என்னும் பெயர் எம் செவியில் அயலூரின் பெயராக ஒலித்ததேயில்லை.

சென்ற விடுமுறையில் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த என் வகுப்பு நண்பன் தன் இல்லத்திற்கு என்னை அழைத்துச் சென்றான். அவ்வாண்டு யாங்கள் தொல்காப்பியப் புறத்திணையியலைப் பயின்று கொண்டிருந்தமையால், நடுகற்களைப்பற்றியே எங்கள் பேச்சுப் பெரும்பாலும் சென்றது. அப்போது அவன், “எங்கள் ஊருக்கு அருகிலும் போர்க்களத்துக் கற்கள் இரண்டு உள்ளன, ஆனால், அவை தமிழ்க் கற்கள் அல்ல” என்றான். மறுநாட் காலை இருவரும் புள்ளலூருக்குப் புறப்பட்டோம். அங்கே கண்டதும், பின்னர்க் கல்லூரி நூல்நிலையத்திற் படித்து அறிந்ததும் இக்கட்டுரையின் பொருளாகும்.

புள்ளலூர்

புள்ளலூர் காஞ்சிபுரத்திற்கு வடபால், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளதொரு சிற்றூர். சுற்றிலும் நெல்வயல்கள்; இடையிடையே ஏரிகளும் பனைமரங்களும். பெரும்போர் நிகழ்ந்த இடம் இது என்று கண்ணாற் கண்டு ஒருவர் உய்த்துணர இயலாது. ஆங்கிலேயர் தம் நூல்களில் இவ்வூரைப் ‘பொள்ளிலூர்’ என்று எழுதினர். உலக வரலாற்று நூல்களில் அத்திரிந்த பெயரே நிலைத்துவிட்டமையால், அந்நூல்களைப் படிக்கும் தமிழ் மாணவர் பலர், அப்போர் நம் புள்ளலூரில் நடந்தது என்பதனை அறியாமலே தேர்வு எழுதி முடித்துவிடுகின்றனர்.

இவ்வூர் போர் கண்டது பதினெட்டாம் நூற்றாண்டில் மட்டுமன்று. அதற்கு ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்பே, பல்லவ மன்னனாகிய முதலாம் மகேந்திரவர்மன் தன் பெரும்பகைவரைப் புள்ளலூரில் அழித்தான் என்று காசாக்குடிச் செப்பேடு கூறுகின்றது. அப்பகைவர் சளுக்கிய வேந்தனாகிய இரண்டாம் புலிகேசியின் படையினர் என்பது அறிஞர் பலர் கருத்து. ஆனால், புலிகேசியின் புகழ் பாடும் 634-ஆம் ஆண்டு ஐஹொளெக் கல்வெட்டோ, பல்லவர் கோன் காஞ்சி மதிலுக்குள்ளே ஒளிந்துகொண்டான் என்கின்றது. ஒரு பகையை இரு தரப்பாரும் தத்தமக்கு வெற்றியாகவே எழுதி வைத்தனர். கல்லும் செப்பேடும் பொய் கூறா என்று எண்ணுவோர் இதனைக் கருதுதல் நன்று. எழுதுவித்தவன் யாவன் என்பதனை அறிந்த பின்னரே எழுத்தின் பொருளை அறிதல் கூடும்.

1780-ஆம் ஆண்டுப் போர்

இனி, ஆங்கிலேயக் கம்பெனியாருக்கும் மைசூர் ஹைதர் அலிக்கும் நிகழ்ந்த போருக்கு வருவோம். 1769-ஆம் ஆண்டில் ஹைதர் சென்னையின் வாயில் வரை படையோடு வந்து, தனக்கு இன்னல் நேருங்காற் கம்பெனியார் துணை நிற்பர் என்று உடன்படிக்கை பெற்றுச் சென்றார். பின்னர் மராட்டியர் மைசூரின்மேற் படையெடுத்தபோது அத்துணை வரவில்லை. 1779-ஆம் ஆண்டு, ஹைதரின் பாதுகாப்பில் இருந்த மாஹித் துறைமுகத்தைக் கம்பெனியார் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். இவற்றால் மூண்ட சினம் 1780-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெடித்தது. எண்பதாயிரத்திற்குக் குறையாத படையோடு ஹைதர் செங்கம் கணவாய் வழியே ஆர்க்காட்டு நாட்டிற் புகுந்தார். ஆர்க்காட்டு நவாபோ கடனில் மூழ்கியிருந்தார். சென்னை ஆட்சிக் குழுவினரோ தம்முட் பிணங்கிக் கிடந்தனர். ஊர்கள் காவலின்றி நின்றன.

ஸர் ஹெக்டர் மன்றோ என்பவர் கம்பெனியின் படைத்தலைவர். 1764-ஆம் ஆண்டிற் பக்ஸார்ப் போரை வென்றவர். அவர் காஞ்சிபுரத்திற் பாசறை அமைத்து, குண்டூர்ப் பகுதியிலிருந்த கர்னல் வில்லியம் பெய்லியைத் தம்மோடு வந்து சேருமாறு பணித்தார். பெய்லியின் படையில் ஏறத்தாழ 2,800 பேர் இருந்தனர். ஆகஸ்டு 25-ஆம் நாள் அவர் கொற்றலை ஆற்றின் வடகரையை அடைந்தார். அன்று ஆற்றில் நீர் குறைவு, எளிதிற் கடந்திருக்கலாம். அவரோ வடகரையிலேயே அன்றிரவு தங்கினார். விடிவதற்குள் வெள்ளம் பெருகியது. செப்டம்பர் முதல் வாரம் வரை ஆறு வழிவிடவில்லை. ஓரிரவுத் தாமதம் ஒரு படையின் ஊழை மாற்றியது.

ஆற்றைக் கடந்து பெரம்பாக்கத்தை அடைந்த பெய்லியைச் செப்டம்பர் 6-ஆம் நாள் ஹைதரின் மைந்தர் திப்பு தாக்கினார். பெய்லி அத்தாக்குதலைத் தாங்கி நின்றார். எனினும், முன்னேற வலியின்றித் துணைப்படை வேண்டி ஓலை விடுத்தார். காஞ்சியில் இருந்த மன்றோ பதினைந்து மைலுக்கு உட்பட்ட தொலைவிலேயே இருந்தார். ஆயினும், அவர் தம் முழுப்படையோடு செல்லாமல், கர்னல் பிளெட்சரின்கீழ் ஏறத்தாழ 1,000 பேரை மட்டும் அனுப்பினார். பிளெட்சர் தம் வழிகாட்டிகளை ஐயுற்று, வேறு வழியாகச் சென்று ஹைதரின் கண்ணிக்குத் தப்பிப் பெய்லியைச் சேர்ந்தார். 9-ஆம் நாள் இரவு புறப்பட்ட படை, இடைவழியில் விடியும் வரை நின்றுவிட்டது. அவ்விரவிலே ஹைதர் தம் பெரும்படையை மன்றோ அறியாவண்ணம் பெயர்த்துக் கொணர்ந்தார்.

1780 செப்டம்பர் 10-ஆம் நாட் காலை புள்ளலூரை அணுகிய படையைப் பீரங்கிகள் வரவேற்றன. முன்னே திப்பு, சூழ ஹைதர். மைசூரார் இரும்புக் குழாயிற் செய்த வாணங்களையும் ஏவினர். கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. மருந்திழந்த படை சதுரமாக அணிவகுத்து, குதிரைப்படையின் தாக்குதல்களைத் துப்பாக்கி ஈட்டிகளாற் பன்முறை தடுத்தது. பிளெட்சர் மாண்டார். காயமுற்ற பெய்லி இறுதியிற் சரண் புகுந்தார். கம்பெனியின் அதிகாரிகள் 86 பேருள் 36 பேர் மாண்டனர். 34 பேர் காயமுற்றனர். எஞ்சிய 16 பேரும் சிறைப்பட்டனர். பீரங்கி ஓசை கேட்டுப் புறப்பட்ட மன்றோ, தோல்விச் செய்தியை வழியிற் கேட்டுத் திரும்பினார். பெரும்பீரங்கிகளைக் காஞ்சியில் ஒரு குளத்தில் எறிந்துவிட்டுச் செங்கற்பட்டிற்கு விரைந்தார்.

பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782 நவம்பரில் இறந்தார். அவருடன் சிறைப்பட்ட டேவிட் பேர்ட் என்னும் இளைஞர் 1784-ஆம் ஆண்டு விடுதலை பெற்றார். பதினைந்து ஆண்டு கழித்து, 1799 மே 4-ஆம் நாள் அதே ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையை உடைத்துப் புகுந்த படைக்குத் தலைமை தாங்கினார். அன்று திப்பு வீழ்ந்தார். புள்ளலூரில் தொடங்கிய கணக்கு காவிரிக்கரையில் முடிந்தது எனலாம்.

1781-ஆம் ஆண்டுப் போர்

முதற்போர் முடிந்து ஓராண்டு நிறைவதற்கு இரண்டு வாரம் இருக்கையில், அதே களத்தில் மறுபடியும் போர் நிகழ்ந்தது. வங்காளத்தினின்று வந்த முதிய தளபதி ஸர் அயர் கூட், 1781 ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் ஹைதரை வென்றிருந்தார். வங்காளத்தினின்று கடற்கரை வழியே நெடுந்தொலை நடந்து வந்த சிப்பாய்களும் ஆகஸ்டில் அவரோடு சேர்ந்தனர். தமக்கு வெற்றி தந்த களம் மீண்டும் வெற்றி தரும் என்று நம்பிய ஹைதர் புள்ளலூரையே தேர்ந்து நின்றார் என்பர்.

ஆகஸ்டு 27-ஆம் நாள் அங்கு வந்த கூட்டின் படையினர், முன்னாண்டு மாண்ட தம் தோழரின் எலும்புகள் புதைப்பாரின்றிக் கிடத்தலைக் கண்டனர். அன்று பகல் முழுதும் நடந்த போரில் எவரும் முழு வெற்றி பெற்றிலர். மாலையில் ஹைதர் காஞ்சிப் பக்கம் பின்வாங்கினார். களம் கூட்டின் வசமாயிற்று. அவர் தரப்பில் மாண்டோரும் காயமுற்றோரும் நானூற்றுக்குச் சற்று மேற்பட்டவர். இருதரப்பும் வெற்றி தமதே என்று கூறிக்கொண்டன. பல்லவர் சளுக்கியர் கதை மீண்டும் நிகழ்ந்தது போலும்!

அன்று மாண்டவருள் இருவர் லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரௌனும், கூட்டின் துணை அதிகாரியாகிய காப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப்பும் ஆவர். புள்ளலூரில் நிற்கும் இரு கற்களும் இவ்விருவருக்கே எடுக்கப்பட்டவை. ஆகவே, பெய்லியின் தோல்வியை நினைந்து அங்குச் செல்வோர், அத்தோல்விக்குரிய கல்லை அங்குக் காணார். பெயர் பெற்ற போர் முதற்போர். கல் பெற்ற போர் இரண்டாம் போர். பெய்லிக்குரிய நினைவுமண்டபம் அவர் இறந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில், அவர்தம் உறவினரால் 1816-ஆம் ஆண்டு எடுக்கப்பட்டது. வென்ற திப்புவோ, 1784-ஆம் ஆண்டு அங்குத் தாம் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவரில் முதற்போரை ஓவியமாகத் தீட்டுவித்தார். பல்லக்கில் அமர்ந்த பெய்லியையும், வெடித்தெழும் மருந்து வண்டியையும், செஞ்சட்டைச் சதுரத்தையும் அதில் இன்றும் காணலாம். வென்றோர் வண்ணத்தில் எழுதினர். தோற்றோர் கல்லில் எழுதினர்.

கற்களின்முன்

யாங்கள் கண்ட கற்கள் இரண்டும் மேலே செல்லச் செல்லக் கூம்பிய நான்முகத் தூண்கள். மாண்டவர் பெயரும், பதவியும், போர் நிகழ்ந்த நாளும், எதிர்த்துப் போரிட்டோர் பெயரும் ஆங்கிலத்திற் பொறிக்கப்பெற்றுள்ளன. என் நண்பன் எழுத்தைப் பார்த்துவிட்டு நகைத்து, “இவை உங்கள் சபையாரின் கற்கள்தாமே? நீயே படித்துச் சொல்” என்றான். அவன் கேலியாகவே கூறினான். யான் வாய்திறவாது நின்றேன்.

அப்போது வயலினின்று வந்த முதியவர் ஒருவர், “யாரைத் தேடி வந்தீர்கள், தம்பி?” என்று வினவினார். “கல்லைப் பார்க்க வந்தோம், ஐயா” என்றோம். “என்ன எழுதியிருக்கிறது?” என்றார். யான் ஒவ்வொரு வரியாகத் தமிழிற் சொன்னேன். அவர் பொறுமையோடு கேட்டு, “அவ்வளவுதானா? நம் சனம் யாரும் சாகவில்லையா?” என்றார். பரிகாசமாக அவர் அதனைக் கேட்டிலர். உண்மையாகவே அறிய விரும்பினார். “ஆயிரக்கணக்கானவர் செத்தார்கள், ஐயா” என்றேன். அவர் சிறிது நேரம் கல்லை நோக்கிவிட்டு, மண்வெட்டியைத் தோளிற் சாய்த்துக்கொண்டு நடந்தார்.

அவ்விரு வினாக்களும் என்னோடு கல்லூரிக்கு வந்தன. இக்கற்கள் எவருடையவை என்பது ஒன்று. நம் மக்கள் எங்கே என்பது மற்றொன்று.

முதல் வினாவிற்கு விடை எளிதன்று. ஹிஸ்லாப்பும் யானும் ஒரே வேதத்தை ஓதுபவர் என்பது உண்மை. ஆனால், கம்பெனியார் வேதத்திற்காகப் போரிட்டவரல்லர். வாணிகத்திற்கும் வரிக்கும் போரிட்டவர். அக்காலத்துக் கிறிஸ்தவருள், போரைத் தடுக்கச் சென்றவரும் ஒருவர் உண்டு. 1779-ஆம் ஆண்டு சென்னை ஆட்சியாளர் வேண்டுகோட்படி ஸ்வார்ட்ஸ் ஐயர் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று ஹைதரைக் கண்டார். சமாதானம் கைகூடவில்லை, ஆயினும், ஹைதர் அவரை நம்பினார், போர் நடந்த காலத்தும் அவரைத் தடையின்றிச் செல்லவிடுமாறு தம் அதிகாரிகட்குக் கட்டளையிட்டிருந்தார். எனவே, சமயத்தைக்கொண்டு இக்களத்தில் இவர் நம்மவர், அவர் அயலார் என்று பிரித்தல் பொருந்தாது.

நாட்டைக்கொண்டு பிரிப்பின் இன்னும் இடர்ப்பாடு மிகும். 1780-இற் கொல்லிமலை அடிவாரத்துச் சேலம், நாமக்கல் பகுதிகள் ஹைதரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினாலேயே அவை கம்பெனியார் கைக்கு மாறின. ஆட்சியை நோக்கின் என் முன்னோர் ஹைதரின் குடிகள். பாட்டனார் கதையை நோக்கின் அவர்கள் காஞ்சியின் மக்கள். என் நண்பனின் முன்னோர் நவாபின் குடிகள். அவர்கள் வயலை அழித்தவை ஹைதரின் குதிரைகள். கற்களின்முன் தோளோடு தோளாக நின்ற எங்கள் இருவரையும், அன்று பிறந்திருப்பின், ஒருவரை ஒருவர் சுடுமாறு இரு தலைவர் ஏவியிருத்தல் கூடும்.

கல் பெறாதவர்

இரண்டாம் வினாவை நோக்குவோம். பெய்லியும் பிளெட்சரும் நடத்திய படையில் மொத்தம் ஏறத்தாழ 3,800 பேர். அவருள் ஐரோப்பியர் ஏறத்தாழ 500 பேரே. எஞ்சிய மூவாயிரத்துக்கு மேற்பட்டவர் இந்நாட்டுச் சிப்பாய்கள். சிறைப்பட்ட ஐரோப்பிய அதிகாரிகளைத் தலையெண்ணி எழுதிய நூல்கள், மாண்ட சிப்பாய்களைத் தொகையாக மட்டுமே கூறுகின்றன; பெயர் கூறுவதில்லை. மைசூர்ப் படையில் மாண்டோர் நிலையும் அதுவே. மாளிகைச் சுவரில் அணியணியாக எழுதப்பெற்ற வீரருள் தலைவரை அடையாளம் காணலாம். அணியில் நிற்பவனை யார் என்று கூறுவார் இலர்.

படையிற் சேராத ஊர் மக்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சென்னைக்கு உணவு செல்லாதவாறு தடுக்கச் சுற்றுப்புறத்து ஊர்களை ஹைதரின் குதிரைப்படை எரித்தழித்தது. ஏரிக்கரைகள் உடைந்தன; உழுவாரில்லை; பஞ்சம் சூழ்ந்தது. பசித்தோர் சென்னையை நோக்கி நடந்தனர். 1782-ஆம் ஆண்டு அங்கே கஞ்சித்தொட்டியாகத் தொடங்கப்பெற்ற மணியக்காரர் சத்திரம் அப்பஞ்சத்தின் நினைவேயாகும். தஞ்சையில் ஸ்வார்ட்ஸ் ஐயர் முன்னறிவோடு வாங்கிச் சேர்த்துவைத்த நெல் பலருயிரைக் காத்தது. 1785-ஆம் ஆண்டு எட்மண்ட் பர்க் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் நவாபின் கடன்களைப்பற்றிப் பேசியபோது, கருநாடக நாட்டின் இவ்வழிவை விரிவாக எடுத்துரைத்தார். ஆங்கில இலக்கிய மாணவர் அப்பேச்சினை நாநலத்திற்குச் சான்றாகப் படிக்கின்றனர். அதன் பொருள் நம் காஞ்சி வட்டத்து வயல்கள் என்பதனையும் அவர்கள் உளங்கொள்ளுதல் வேண்டும்.

தமிழர் கல்நட்ட முறை

இங்கே நடுகற்களை நினையாதிருத்தல் இயலாது. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல்லெடுக்கும் முறையைத் தொல்காப்பியர் படிப்படியாக வகுத்தார். தக்க கல்லைத் தேர்ந்து காண்பது காட்சி. அதனைக் கொள்ள நாள் பார்ப்பது கால்கோள். நீரில் ஆட்டித் தூய்மை செய்வது நீர்ப்படை. பின்னர் நடுதலும், படையல் இடுதலும், வாழ்த்துதலும் தொடரும். இளங்கோவடிகள் வஞ்சிக்காண்டத்துக் காதைகட்கு இப்பெயர்களையே சூட்டினார். இம்முறையிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. கல் மன்னனுக்கு மட்டும் உரியதன்று. ஆநிரை மீட்கச் சென்று வீழ்ந்த எளியவனுக்கும் ஊரார் கல் நட்டனர்.

அதற்கொரு சான்று கூறுவேன். திருவண்ணாமலைப் பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊரில் நடுகல் ஒன்றுண்டு. புள்ளலூரிற் பகைவரை வென்ற அதே மகேந்திரவர்மனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டில் அது நடப்பட்டது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவகத்தி என்பானுக்குரிய கல் அது. அவன் உருவத்தின் அருகே ஒரு நாயின் உருவமும் உள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுத்துக்கள் கூறுகின்றன. ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கு முன்னர், எருமை மேய்த்தோன் ஒருவனையும் அவன் நாயையும் பெயர்கூறி நினைத்த நாடு இது! அந்நாட்டிலே, இருநூற்று நாற்பது ஆண்டுகட்கு முன்னர் ஒரே காலையில் வீழ்ந்த ஆயிரக்கணக்கானோருள் ஒரு சிப்பாய்க்கேனும் புள்ளலூரில் பெயர்பொறித்த கல் இல்லை.

இதனாற் பிரௌன், ஹிஸ்லாப் இருவரின் கற்களை வெறுத்தல் வேண்டும் என்று யான் கூறவில்லை. தாய்நாட்டைவிட்டுப் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் மாண்ட இருவரை அவர் தோழர் மறவாமை பாராட்டற்குரியதே. அவர்தம் பெயரைக் காத்தவர் அவர் இனத்தார். நம்மவர் பெயரைக் காவாதவர் யாவர்? கல் நடாத குறையை அயலார்மேற் சுமத்துதல் எளிது. அக்குறையிற் பாதி நம்முடையது என்பதே என் கருத்து.

எம் மலையை எண்ணிப் பாருங்கள். கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியைக் காரி கொன்று, மலையைச் சேரனுக்கு அளித்தான். அரசு போயிற்று; கோட்டையும் இல்லை. செம்மேட்டில் இன்று நிற்கும் ஓரியின் சிலை அண்மைக்காலத்தது. இடைப்பட்ட ஈராயிரம் ஆண்டும் ஓரியைக் காத்தது எது? புலவர் பாட்டு. அப்பாட்டைப் பனையோலையிற் படியெடுத்தோர் உழைப்பு. ஓலையைத் தேடியெடுத்து அச்சேற்றிய சாமிநாதையர் போன்றோர் உழைப்பு. கல்லைக் காட்டிலும் சொல் நெடிது வாழும். ஆனால், அதனைப் படியெடுப்போர் வேண்டும்.

முடிவுரை

பதினெட்டாம் நூற்றாண்டில் நம் மக்கள் வாய்மூடி இருந்திலர். செஞ்சித் தேசிங்குராசனுக்கும், மதுரைக் கான்சாகிபுக்கும் கதைப்பாடல்கள் எழுந்தன. களத்தில் நின்றோர் கதையை உழவரும் இடையரும் இரவெல்லாம் பாடிக் கேட்டனர். ஆகவே, நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. புள்ளலூரிலும், பெரம்பாக்கத்திலும், அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் முதியோரிடம் சென்று கேட்டல் வேண்டும். ஒரு வயலின் பெயர், ஒரு குளத்தின் பெயர், பாட்டி கூறும் ஒரு பழங்கதை ஆகியவற்றுள் எதிலேனும் அக்காலத்தின் எதிரொலி தங்கியிருத்தல் கூடும். கிடைப்பதனைக் கிடைத்தவாறே, கூட்டாமலும் குறைக்காமலும், எழுதி வைத்தல் வேண்டும்.

புள்ளலூருக்கு மட்டும் இதனைக் கூறவில்லை. நம் கல்லூரியிற் பயில்வோர் பல மாவட்டங்களினின்று வந்தவர். அவரவர் ஊரெல்லையில், வேலமரத்தடியில் எண்ணெய் பூசிய கல்லொன்று நிற்கும். அது யாருடையது, எதற்காக நின்றது என்று கேட்டு, உருவத்தை வரைந்து, எழுத்திருப்பின் படியெடுத்து வருதல் ஒரு விடுமுறைக்கு உரிய பணியாகும். ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்டின், நம் தமிழ்ச் சங்கம் அவற்றைத் தொகுத்து வைக்கலாம். பழைய மாணவர்களும் தத்தம் ஊர்ச் செய்தியை அனுப்பி உதவலாம்.

யான் மலைக்குத் திரும்பிய அன்றிரவு என் பாட்டனாரிடம் புள்ளலூரைப்பற்றிக் கூறினேன். அவர் கேட்ட முதற்கேள்வி, “அங்கே மழை பெய்திருந்ததா? பயிர் எப்படி?” என்பது. நல்ல விளைச்சல் என்றேன். “அப்படியானால் சரி” என்றார். பின்பு, மூன்று அண்ணன் தம்பியர் காஞ்சியை விட்டு வந்த கதையை மறுபடியும் தொடங்கினார். பலமுறை கேட்ட கதை அது. அவ்விரவில்தான் முதன்முறையாகக் குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினேன்.